கடதாசியில் ஒரு கொடுவா: கணினியில் தாள் சிற்பம் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

தோடம்பழத் தோலை ஒரே துண்டாக உரித்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஓரம் கிழியாமல் அது தட்டையாகாது. உருண்டையான எதுவும் அப்படித்தான். இரு திசையிலும் வளைந்த பரப்பை இழுக்காமலோ சுருக்காமலோ தட்டையாக்க முடியாது என்பதை ஜெர்மானியக் கணித அறிஞர் கவுஸ் 1827 இல் நிறுவினார். கடதாசி இழுபடாது, சுருங்கவும் செய்யாது. ஒரு நேரத்தில் ஒரு திசையில் வளையும், மடியும், மீறினால் கிழியும்.

திரையில் உருவம் செய்து, அதைத் தட்டையாக விரித்து அச்சிட்டு, வெட்டி ஒட்டுவதுதான் தாள் சிற்பம். மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளுக்கு இந்தக் கலையைப் பழக்கி வருகிறேன். வருகிற எல்லோரும் திரையில் உருவம் செய்வதுதான் கடினம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது ஒரு கிழமை வேலை. பழகப் பழக நீளும் பாடம் வேறு: எங்கே வெட்டுவது? தாள் சிற்பத்தில் வடிவமைப்பு என்பது பெரும்பாலும் வெட்டுக்கோடுகளைத் தீர்மானிப்பதுதான். இந்த வழிகாட்டியில் இரண்டு உருவங்களைச் செய்யப்போகிறோம். முதலாவது கைப்பழக்கத்துக்கு: பாலமீன்மடு வெளிச்சவீடு. இரண்டாவது எங்கள் வாவியின் கொடுவா மீன்.

வேண்டிய பொருட்கள்

முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருள் பிளெண்டர். இலவசம். 2002 இல் பொதுமக்கள் 100,000 யூரோ சேர்த்துக் கொடுத்து அதைத் திறந்த மூல மென்பொருளாக்கினார்கள். விரித்துத் தாளில் அச்சிட ‘எக்ஸ்போர்ட் பேப்பர் மாடல்’ என்ற துணைக்கருவி வேண்டும். பிளெண்டர் 4.1 வரையான பதிப்புகளில் அது கூடவே வருகிறது. அமைப்புகளில் தேடி, கட்டத்தில் சரி போட்டால் போதும். 4.2 முதல் ‘கெட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ பகுதியில் பெயரைத் தேடி இணையத்திலிருந்து நிறுவ வேண்டும். பெப்பக்குரா என்ற ஜப்பானிய மென்பொருளும் இந்த வேலைக்குப் பெயர்போனது. விரிப்பதில் அது கெட்டிக்காரன். ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும், பணம் கட்டாமல் வேலையைச் சேமிக்க விடாது. மாணவர்களுக்கு நான் பிளெண்டரையே சொல்கிறேன்.

பழைய மடிகணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: புதிய பிளெண்டர் திறக்கவே மறுத்தால் கணினியைத் திட்ட வேண்டாம். 4.0 முதல் அதற்குப் புதிய வரைகலை வசதி தேவை. 2.93 பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நாம் செய்யப்போகும் வேலைக்கு அது தாராளம். எண்பலகையோ மூன்று பொத்தான் சுட்டியோ இல்லாவிட்டால் அமைப்புகளின் ‘இன்புட்’ பகுதியில் இரண்டையும் பாவனை செய்யும் வசதி உண்டு. ஆனாலும் ஒரு சுட்டி வாங்கிவிடுங்கள். தொடுபலகையில் மீன் செய்வது தூண்டில் இல்லாமல் மீன் பிடிப்பது போன்றது.

தாள் 160 முதல் 200 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்ற அளவு) வரை இருக்கட்டும். சாதாரண 80 ஜீ.எஸ்.எம். போட்டோக்கொப்பித் தாள் ஒத்திகைக்கு மட்டும். பிரிஸ்டல் போட்டும் நல்லதுதான், ஆனால் கடை அச்சு இயந்திரம் அதை விழுங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி கட்டர் கத்தி, இரும்பு அடிமட்டம், மை தீர்ந்த பேனா ஒன்று, பைண்டர் கம், ஒரு பிடி ஈர்க்கு. ஈர்க்கு எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

ஒத்திகை: வெளிச்சவீடு

பாலமீன்மடுவில் நிற்கும் மட்டக்களப்பு வெளிச்சவீடு 1913 இல் கட்டப்பட்டது, உயரம் 28 மீற்றர். அதை எட்டுப் பக்கமுள்ள, மேலே ஒடுங்கும் கோபுரமாகச் சுருக்கிக்கொள்வோம். அடியின் அகலத்தை நான் கண்மதிப்பில் எடுத்தேன், நீங்களும் அப்படியே எடுங்கள். இது கட்டடக்கலைப் பரீட்சை அல்ல.

பிளெண்டரைத் திறந்ததும் நடுவில் நிற்கும் கனசதுரத்தை அழித்துவிடுங்கள். ஷிஃப்ட், ஏ விசைகளைச் சேர்த்து அழுத்தி, ‘மெஷ்’ பட்டியலில் ‘கோன்’ தெரிவு செய்யுங்கள். இடப்பக்க மூலையில் தோன்றும் சிறு பெட்டியில் முனைகள் 8, முதல் ஆரை 3 மீற்றர், இரண்டாம் ஆரை 2 மீற்றர், உயரம் 28 மீற்றர் என்று இடுங்கள். கூம்பின் தலை வெட்டுப்பட்டுக் கோபுரமாகிவிடும்.

டாப் விசையை அழுத்தித் திருத்த நிலைக்குப் போங்கள். மேலே 2 என்ற எண்விசை விளிம்புகளைத் தெரிவுசெய்ய உதவும். நெடுக்காக நிற்கும் விளிம்புகளில் ஒன்று, மேல் எண்கோணத்தில் ஏழு, கீழ் எண்கோணத்தில் ஏழு ஆகியவற்றைத் தெரிவு செய்து, கண்ட்ரோலுடன் இ விசையை அழுத்தி ‘மார்க் சீம்’ என்பதைச் சொடுக்குங்கள். விளிம்புகள் செந்நிறமாகும். இதுதான் தையற்கோடு; இங்கேதான் கத்தி ஓடும். பிறகு ‘என்’ (N) விசையை அழுத்தினால் வலப்பக்கம் திறக்கும் பட்டையில் ‘பேப்பர்’ தாவல் இருக்கும். அங்கே ‘அன்ஃபோல்ட்’ பொத்தான்.

இப்போது ஏற்றுமதி. ‘ஃபைல்’, ‘எக்ஸ்போர்ட்’, ‘பேப்பர் மாடல்’. நான் முதன்முதல் செய்தபோது, துண்டு பக்கத்தைவிடப் பெரிது என்று ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்தது. அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் விளங்கியது: நான் 28 மீற்றர் கோபுரத்தை ஏ4 தாளில் அச்சிடச் சொல்லியிருந்தேன்! ஏற்றுமதிப் பெட்டியில் ‘ஸ்கேல்’ என்ற இடத்தில் 150 என்று இடுங்கள். 28 மீற்றர் ஏறக்குறைய 18.7 சென்ரிமீற்றர் ஆகிவிடும், ஒரே பக்கத்தில் அடங்கும்.

அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டுங்கள். பிறகு வெட்டிய விளிம்புகளை எண்ணிப் பாருங்கள்: 1, 7, 7, மொத்தம் 15. கோபுரத்தின் முனைகள், அதாவது விளிம்புகள் சந்திக்கும் மூலைகள், 16. இது தற்செயல் அல்ல.

முகத்தை விடுங்கள், முனையை எண்ணுங்கள்

துளையில்லாத மூடிய உருவம் ஒன்றை ஒரே துண்டாக விரிக்க வேண்டுமென்றால், முனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக விளிம்புகளை வெட்ட வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பல துண்டுகளாக விரித்தால், முனைகளிலிருந்து 2 ஐக் கழித்து, துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கனசதுரத்துக்கு முனைகள் 8. ஒரே துண்டென்றால் 7 வெட்டு, மீதி 5 மடிப்பு.

இதில் என்ன லாபம்? வெட்டிய ஒவ்வொரு விளிம்பையும் திரும்ப ஒட்ட வேண்டும். ஆகவே முனைகளை எண்ணினால், பசையோடு எத்தனை தடவை மல்லுக்கட்டப் போகிறோம் என்பது கத்தியைக் கையிலெடுக்கும் முன்பே தெரிந்துவிடும். 600 முனைகளுள்ள யானையை 30 துண்டாக விரித்தால் 628 ஒட்டு. இணையத்தில் கிடைக்கும் அழகான யானை மாதிரியை இறக்கி, ‘நேரே விரித்துவிடலாமே’ என்று கேட்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். மறுபேச்சு வராது.

கணக்கில் முகங்கள் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். நாற்கோண முகத்தைக் குறுக்கே பிரித்து இரண்டு முக்கோணம் ஆக்கினால் முகம் கூடும், மடிப்பு கூடும். ஒட்டு ஒன்றுகூடக் கூடாது. மடிப்பு மலிவு, ஒட்டு விலை. கொடுவாவில் இது நமக்குக் கைகொடுக்கும்.

முனைகளின் எண்ணிக்கையைத் திரையிலேயே பார்க்க, மேல்மூலையில் ‘ஓவர்லேஸ்’ பட்டியலில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ கட்டத்தில் சரி போடுங்கள்.

கொடுவாவின் உடல்

ஏன் கொடுவா? வாவி மீன்களில் பக்கவாட்டில் பார்த்த உடனே அடையாளம் தெரிவது அது. கூரான வாய், நெற்றியில் ஒரு பள்ளம், உடனே எழும் முதுகுத் திமில், வட்டமான வால். முகமும் பெயரும் உள்ள உருவத்தைத் தெரிவு செய்யுங்கள். ‘ஏதோ ஒரு மீன்’ என்று தொடங்கினால் ஏதோ ஒரு மீன்தான் வரும். என் முதல் மீனைப் பார்த்துத் தங்கையின் மகள், “மாமா, இது மீனா, வற்றாளைக் கிழங்கா?” என்று கேட்டாள்.

சந்தையிலோ வாடியிலோ ஒரு கொடுவாவை நேர் பக்கவாட்டில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, எண்பலகையின் 3 ஐ அழுத்தி, பக்கப் பார்வைக்கு வந்து, படத்தைத் திரையில் இழுத்துப் போட்டால் பின்னணியில் நிற்கும்.

அதே கோப்பில் ஓர் உருளையைச் சேருங்கள். முனைகள் 8, ஆரை 0.045 மீற்றர், நீளம் 0.25 மீற்றர். இம்முறை உண்மை அளவிலேயே செய்கிறோம், ஆகவே ஏற்றுமதியில் ‘ஸ்கேல்’ 1. அடுத்து ஆர், எக்ஸ், 90, என்டர்: உருளை கிடையாகப் படுக்கும். எட்டு முனை என்பதால் முதுகு நடுவிலும் வயிற்று நடுவிலும் ஒவ்வொரு நெடுவிளிம்பு தானாகவே வந்து அமரும். வயிற்று விளிம்பு நம் தையலுக்கு வேண்டும். பிறகு எஸ், எக்ஸ், 0.65, என்டர்: மீன் ஒல்லியாகும். கண்ட்ரோலுடன் ஏ அழுத்தி, சுழற்சியையும் அளவையும் நிலைப்படுத்த மறக்காதீர்கள். மறந்தால் பின்னால் வரும் அளவுகள் எல்லாம் குழம்பும்.

திருத்த நிலையில் கண்ட்ரோல், ஆர். நெடுவிளிம்பு ஒன்றின் மேல் சுட்டியை வைத்து, சக்கரத்தை உருட்டி நான்கு வளையங்கள் வரச்செய்து, என்டர் தட்டி, எஸ்கேப் அழுத்துங்கள். உருளையின் இரு அந்தங்களிலும் இருப்பவற்றோடு மொத்தம் ஆறு வளையங்கள், அவற்றுக்கு இடையே ஐந்து பட்டைகள், 48 முனைகள்.

இப்போது சிற்ப வேலை. ஆல்ட் அழுத்தியபடி சொடுக்கினால் ஒரு வளையம் முழுவதும் தெரிவாகும். வாய் வளையத்தை 0.25 மடங்காகச் சுருக்குங்கள். இரண்டாவதை 0.6 ஆக்கிச் சற்றுக் கீழே இறக்குங்கள். நெற்றிப் பள்ளம் அங்கே பிறக்கும். மூன்றாவதைச் சுருக்காமல், ஜி, இசட் விசைகளால் மேலே தூக்குங்கள்: திமில். நான்காவது 0.9, ஐந்தாவது 0.5. ஆறாவது வால் தண்டின் முடிவு, அதை 0.4 ஆக்கி, பிறகு எக்ஸ் திசையில் மட்டும் மேலும் நசுக்குங்கள்.

இங்கே சற்று நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் கடதாசி தன் குணத்தைக் காட்டும். ஒரு நாற்கோண முகத்தின் நான்கு முனைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அதைத் தட்டையாக வெட்ட முடியும். அடுத்தடுத்த இரண்டு வளையங்களை எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் சுருக்கினால், எதிரெதிர் விளிம்புகள் இணையாகவே இருக்கும். இணையான இரண்டு கோடுகள் எப்போதும் ஒரே தளத்தில் கிடக்கும், எனவே முகம் தட்டை. வளையத்தைத் தூக்கினாலும் இறக்கினாலும் இணை குலையாது. ஆனால் ஒரு திசையில் மட்டும் நசுக்கினாலோ, வளையத்தைச் சாய்த்தாலோ இணை போய்விடும்; முகம் பப்படம் போல முறுகும். எங்கள் விறாந்தையின் விதி: சுருக்கலாம், தூக்கலாம், சாய்க்காதே.

நம் மீனின் ஆறு வளையங்களில் முதல் ஐந்து இந்த விதிக்கு அடங்கியவை. வாலை மட்டும் நசுக்கினோம், ஆகவே கடைசிப் பட்டையின் எட்டு முகங்களும் முறுகியவை. அவற்றை மட்டும் தெரிவு செய்து கண்ட்ரோல், டி (T) அழுத்துங்கள், பதினாறு முக்கோணங்களாகும். மென்பொருள் குறுக்குக்கோட்டைத் தன் இஷ்டத்துக்குப் போடும், அதை நம்பிவிடாதீர்கள். குறுக்குக்கோடு ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கே மேடு வரும், மறுபக்கம் சாய்ந்தால் பள்ளம் வரும். ஒவ்வொரு கோட்டையும் தெரிவு செய்து, விளிம்புப் பட்டியலில் ‘ரொட்டேட் எட்ஜ்’ மூலம் திருப்பி, இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல வரச்செய்யுங்கள். வால் தண்டில் மேடுகளே அழகு என்பது என் எண்ணம். பள்ளம் வைத்தால் மீன் பட்டினி கிடந்ததுபோல் தெரிகிறது.

கணக்கு: முனைகள் இன்னும் 48. ஐந்து பட்டைகளையும் ஐந்து துண்டுகளாக விரித்தால் 51 ஒட்டு. முக்கோணமாக்கியதால் மடிப்பு 37 இலிருந்து 45 ஆனது, ஒட்டு மாறவில்லை.

வாயைத் திறந்துவிடுங்கள்

கல்லடிப் பாலத்தடியில் நிலா இரவுகளில் வாவிக்குள்ளிருந்து எழும் ஓசையைப் பாடும் மீன் என்கிறோம். பாடுவது மீனா, நத்தை போன்ற ஊரியா என்ற வழக்குப் பழையது. 1848 இல் இங்கு வந்து அந்த ஓசையைக் கேட்ட, அப்போதைய இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட்டுக்கு ஊர்க்காரர்கள் சொன்னது ஊரி என்றுதான். எது பாடினால் என்ன, நம் கடதாசிக் கொடுவா பாடட்டும். வாய் வளையத்தை மூடியிருக்கும் எண்கோண முகத்தை மட்டும் தெரிவு செய்து நீக்குங்கள்.

வேடிக்கைக்காகத் தொடங்கிய யோசனை, வேலையில் பெரிய உதவியாகிவிட்டது. அந்த மூடியை ஒட்டத் தேவைப்பட்ட 7 ஒட்டு மிச்சம். 51 இப்போது 44. அதைவிடப் பெரிய நன்மை, உள்ளே பென்சில் விட ஒரு வாசல் கிடைத்தது. மூடிய உருவத்தில் கடைசி ஒட்டைப் போடும்போது உள்ளிருந்து அழுத்த விரல் போகாது. தாள் சிற்பம் பழகுகிறவர்கள் கண்கலங்கும் இடம் அதுதான். எந்த உருவம் செய்தாலும் முதலில் கேளுங்கள்: கடைசியில் என் விரல் எந்த வழியாக வெளியே வரும்?

தையற்கோடு

உள்ளே இருக்கும் நான்கு வளையங்களையும் ஆல்ட் சொடுக்கால் தெரிவு செய்து தையலாகக் குறியுங்கள். பிறகு வயிற்றின் நடு விளிம்பு. முக்கோணமாக்கிய பட்டையருகே வளையத்திலும் வயிற்றிலும் தெரிவு நின்றுவிடலாம், மீதியை ஷிஃப்ட் அழுத்தித் தனியாகச் சேருங்கள். கடைசியாக வால் முனையின் எண்கோணத்தில் எட்டில் ஏழு விளிம்புகள். எண்ணினால் 32, 5, 7, மொத்தம் 44. கணக்கு நேராகிவிட்டது.

தையல் ஏன் வயிற்றில்? முடித்த மீன் கூரையில் தொங்கும்போது பார்ப்பவர் கண் விலாவிலும் முதுகிலும் விழும். இடைவெளி தெரிந்தாலும் பசை கசிந்தாலும் கீழ்ப்புறத்தோடு போகட்டும். சட்டைக்குத் தையற்காரர் தையலை அக்குளுக்குக் கீழே கொண்டுபோகிற அதே தந்திரம்.

வேறு வழியும் உண்டு. நான்கு வளையங்களிலும் முதுகை ஒட்டிய ஒரு விளிம்பை மட்டும் தையல் போடாமல் விட்டால், ஐந்து பட்டைகளும் முதுகில் இணைந்து ஒரே துண்டாக விரியும். பார்க்க அப்படியே மீன் முள்: நடுவில் தண்டு, இரு பக்கமும் விலா எலும்புகள். ஒட்டு 40 ஆகும். ஆனால் ஏ4 இல் அடங்காது, ஏ3 தாள் வேண்டும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மென்பொருள் நடுவில் பிரித்துவிடும். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525 இலேயே பல திண்மங்களை இப்படித் தட்டையாக விரித்து வரைந்து வெளியிட்டார். குவிந்த திண்மம் எதுவானாலும் விளிம்புகளின் வழியே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ஒரே துண்டாக விரித்துவிடலாமா? 1975 இல் ஷெப்பர்ட் என்ற கணிதவியலாளர் எழுப்பிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. ஆகவே உங்கள் மீன் ஒரே துண்டாக விரிய மறுத்தால் வெட்கப்பட வேண்டாம். முதல் தடவைக்கு ஐந்து துண்டுகளே போதும்.

‘அன்ஃபோல்ட்’ அழுத்தும் முன் ஒரு சோதனை. எல்லாவற்றையும் தெரிவு செய்து ‘எம்’ (M) விசை, ‘பை டிஸ்டன்ஸ்’: ஒன்றன்மேல் ஒன்று ஒளிந்திருக்கும் இரட்டை முனைகள் ஒன்றாகும். அடுத்து ஷிஃப்ட், ‘என்’ (N): முகங்களின் உள்வெளி சரியாகும். உள்வெளி தலைகீழாக இருந்தால் மேட்டு மடிப்பும் பள்ள மடிப்பும் இடம்மாறி அச்சாகும்.

அச்சு

ஏற்றுமதிப் பெட்டியில் தாள் ஏ4, ஒட்டுவதற்கான மடல்களும் எண்களும் வேண்டும் என்று குறியுங்கள். மடலுக்கு எங்கள் விறாந்தையில் ‘காது’ என்று பெயர். காதின் அகலம் 5 மில்லிமீற்றர் போதும். ஒவ்வொரு காதிலும் எண் இருக்கும். அதே எண் அது போய்ச் சேர வேண்டிய விளிம்பிலும் இருக்கும். கிடைக்கும் பி.டி.எஃப். கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடையில் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்றே: “நூறு வீதத்தில் எடுங்கள், பக்கத்துக்குப் பொருத்த வேண்டாம்.” இதைச் சொல்லாமல் நான் பட்ட பாடு சிறியதல்ல. ஒரு தடவை இரண்டு பக்கங்களை ஒரு நாளும், விடுபட்ட மூன்றாம் பக்கத்தை மறுநாளும் எடுத்தேன். மறுநாள் இருந்த பையன் பக்கத்துக்குப் பொருத்தி எடுத்துத் தந்தான். மூன்று வீதம் சிறுத்தது கண்ணுக்குத் தெரியவில்லை. மீனின் பருத்த சுற்றளவு ஏறக்குறைய 23 சென்ரிமீற்றர். அதில் மூன்று வீதம் 7 மில்லிமீற்றர். திமில் பட்டை கழுத்துப் பட்டையோடு சேரவே இல்லை. நான் என் ஒட்டைக் குறை சொல்லி, இரண்டு தடவை பிரித்து ஒட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்றை இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் வரைந்துவிடுகிறேன். கடையை விட்டு இறங்கும் முன் அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டால் சங்கதி முடிந்தது.

லேசர் அச்சு எடுங்கள். மை அச்சில் ஈரப் பசை பட்டால் கோடு கரையும். முழுப் பக்கமும் கருமையாக அச்சிட்டால் லேசர் தூள் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும். எனவே நிறம் வேண்டுமென்றால் நிறத்தாளிலேயே அச்சிடுங்கள்.

வெட்டு, மடிப்பு, ஒட்டு

வெட்டும் முன் மடிப்புக்கோடு போட வேண்டும். வெட்டிய பிறகு கோடு போட்டால் சிறு துண்டு அடிமட்டத்துக்கு அடியில் வழுக்கும். அடிமட்டத்தை மடிப்பின் மீது வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு தடவை அழுத்தி இழுங்கள். தாளின் மேல்தோல் கிழியக்கூடாது. பள்ளம் விழுந்தால் போதும். பிறகு கத்தியால் வெட்டி, எல்லா மடிப்புகளையும் முதலில் மடித்துவிட்டுப் பசையை எடுங்கள்.

ஈர்க்குக்கு இப்போது வேலை. பைண்டர் கம்மைப் புட்டியிலிருந்து நேரே ஊற்றினால் காது நனைந்து நெளியும். ஒரு துளியை மட்டைத் துண்டில் விட்டு, ஈர்க்கின் நுனியால் தொட்டு, காதின் நடுவில் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். காதை விளிம்போடு சேர்த்து இருபது எண்ணும்வரை பிடியுங்கள். பசை வெளியே பிதுங்கினால் போட்டது அதிகம்.

வரிசை முக்கியம். வால் பட்டையை முதலில் குழாயாக மூடி, அதன் எண்கோண மூடியையும் ஒட்டிவிடுங்கள். அது ஒடுக்கம், பிறகு கை போகாது. அதோடு நான்காம் பட்டை. மறுபக்கம் வாய்ப் பட்டையையும் இரண்டாம் பட்டையையும் தனியே சேர்த்து வையுங்கள். நடுவில் வரும் திமில் பட்டையின் வயிற்றுத் தையலை மட்டும் மூடாமல் இரு பக்கமும் ஒட்டுங்கள். இப்போது மீன் முழுதாகிவிட்டது, வயிற்றில் மட்டும் ஒரு பிளவு. பிளவு வழியே விரல் விட்டு உள்ளே உள்ள காதுகளை எல்லாம் அழுத்திச் சரிபாருங்கள். கடைசியாகப் பிளவின் காதில் பசை தடவி மூடி, வாய் வழியே பென்சிலை விட்டு, உள்ளிருந்து முட்டுக்கொடுத்து அழுத்துங்கள். பாடும் மீனின் வாய் இதற்குத்தான்.

செட்டைகள், தொங்கல், மழைக்காலம்

செட்டைகளை உடலோடு சேர்த்து வடிவமைக்க வேண்டாம். மெல்லிய தகடு போன்றவற்றை உடலோடு இணைத்தால் முனைகள் கூடிக்கொண்டே போகும். தாளை இரண்டாக மடித்து ஒட்டி, செட்டை வடிவில் வெட்டி, அடியில் காது விட்டு, உடலில் கத்தியால் கீறிய பிளவுக்குள் சொருகுங்கள். கொடுவாவின் முதுகுச் செட்டை இரு பாகம்: முன்பாகம் முள்ளு முள்ளாக, பின்பாகம் வட்டமாக. வாலும் வட்டம், பிளவுபட்ட வால் வைத்தீர்களானால் சந்தையில் மீன் வாங்கிப் பழகியவர்கள் சிரிப்பார்கள்.

கார்த்திகை முதல் தை வரை இந்தக் கரையில் கடதாசிக்குக் கெட்ட காலம். வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தைத் தாள் குடித்து வீங்கும். அதுவும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கூடுதலாக வீங்கும். நான் ஒரு மார்கழியில் செய்த மீனின் முதுகு மூன்று நாளில் தொய்ந்தது. தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அறிய, மடிக்காமல் இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். இலேசாக வளையும் அச்சுக்கு இணையாக நார் ஓடுகிறது. அந்தத் திசை பட்டையின் நீளத்துக்குக் குறுக்கே, அதாவது மீனின் தலையிலிருந்து வாலுக்குப் போகுமாறு அச்சிட்டால் மடிப்புகள் நாரோடு விழும், நிலையாகவும் நிற்கும். மழைக்காலத்தில் செய்யத்தான் வேண்டுமென்றால் வெட்டிய துண்டுகளை இரவில் மூடிய பிஸ்கட் டின்னுக்குள் வையுங்கள்.

தொங்கவிட நூல் கட்டும் இடத்தைக் கண்மதிப்பில் தீர்மானிக்க வேண்டாம். முதுகுக் கோட்டின் கீழ் இரண்டு விரல்களால் மீனைத் தாங்கி, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்கே ஆடாமல் நிற்கிறதோ அங்கே குண்டூசியால் துளையிடுங்கள். பெரும்பாலும் திமிலுக்குச் சற்றுப் பின்னால் வரும். நூலின் நுனியில் சிறு மட்டைத் துண்டைக் கட்டி, வாய் வழியே உள்ளே விட்டு, துளையால் மேலே இழுத்தால் முடிச்சு வெளியே தெரியாது. எங்கள் விறாந்தையில் ஐந்து மீன்கள் இப்படித் தொங்குகின்றன. வாவிக் காற்று வீசும்போது நான்கு கிழக்கே திரும்புகின்றன. வற்றாளைக் கிழங்கு மட்டும் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.